பி1 ஜெர்மன் தேர்வில் புள்ளி எங்கே போகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாங்கள் ஆறேழு பேர் உட்கார்ந்து ஜெர்மன் படிக்கிறோம். இரவு வேலை முடித்து மருத்துவமனையிலிருந்து நேராக வரும் தாதி அக்கா ஒருவர், இயந்திரப் பொறியியல் முடித்த தம்பி ஒருவன், கணவர் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி, இன்னும் சிலர். பினாங்கிலிருந்து ஓர் அண்ணன் கைப்பேசி வழியாகச் சேர்ந்துகொள்வார். அங்கே மலேசிய-ஜெர்மன் கழகத்தில் வகுப்புக்குப் போனவர். எல்லோருக்கும் குறி ஒன்றுதான்: ஜெர்மனியின் மொழி, பண்பாட்டு அமைப்பான கோத்தே நிறுவனம் தரும் பி1 சான்றிதழ், அதாவது நடுநிலை ஜெர்மன் தெரியும் என்பதற்கான சான்று.

நான் அதை இரண்டாம் முயற்சியில் முடித்தவன். முதல் முறை வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் தேறினேன். எழுத்தில் 54 வந்தது. தேவை 60. அன்றிலிருந்து யார் தேர்வு முடிவைக் கொண்டுவந்தாலும், யார் மாதிரித் தாளைத் திருத்தக் கொடுத்தாலும், முதலில் ஒன்றைத்தான் தேடுவேன்: புள்ளி எந்த இடத்தில் ஒழுகுகிறது? கூரையில் ஒழுகினால் வீட்டையே இடித்துக் கட்ட மாட்டோம். ஓட்டைத் தேடுவோம். "என் ஜெர்மன் போதாது" என்று சொல்லி மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பெரும்பாலும் அவர்கள் ஜெர்மன் போதும். ஆங்கிலத்தில் யோசித்து ஜெர்மனில் எழுதுவதுதான் கோளாறு. தமிழில் யோசித்திருந்தால் பாதி தானாகச் சரியாகியிருக்கும். இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை, கீழே காட்டுகிறேன்.

தேர்வின் அமைப்பு சுருக்கமாக: வாசிப்பு 65 நிமிடம், கேட்டல் சுமார் 40, எழுத்து 60, பேச்சு இருவராகச் சேர்ந்து சுமார் 15. கோத்தே நிறுவனமும், ஆஸ்திரியாவின் ஓ.எஸ்.டி. தேர்வமைப்பும், சுவிட்சர்லாந்தின் ஃப்ரீபுர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. 2013 முதல் இந்த வடிவத்தில் நடக்கிறது. நான்கு பகுதிக்கும் தனித்தனியே 100 புள்ளி, ஒவ்வொன்றிலும் 60 வேண்டும். வாசிப்பில் 95 வாங்கி எழுத்தின் பள்ளத்தை நிரப்ப முடியாது. ஆனால் தேறாத பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம்.

ஜெர்மன் சொற்களை ஒலிக்கு அருகில் தமிழெழுத்தில் தருகிறேன். சரியான எழுத்துக்கூட்டலை உங்கள் பாடநூலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: "வைல்" வந்தாலே சிவப்பு மை

தாதி அக்காவின் தாளில் இருந்த ஒரு வரி இது. "நான் வர முடியாது, ஏனென்றால் வேலை செய்ய வேண்டும்" என்று சொல்ல வந்தார். எழுதியது: இஹ் கான் நிஹ்ட் கொம்மன், வைல் இஹ் முஸ் ஆர்பைட்டன். சொல் எல்லாம் சரி. வரிசை தவறு. வைல் வந்தால் வினைமுற்று கடைசிக்குப் போக வேண்டும்: வைல் இஹ் ஆர்பைட்டன் முஸ்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது? ஆங்கிலத்தில் "பிகாஸ் ஐ மஸ்ட் வர்க்". மலாயில் "கெரானா சாயா பெர்லு பெகெர்ஜா". இரண்டிலும் "வேண்டும்" முன்னால், "வேலை" பின்னால். பள்ளியிலும் வேலையிடத்திலும் நாள் முழுக்க இந்த இரண்டு மொழியும் காதில் விழுவதால் கை அதே வரிசையில் ஓடுகிறது. இப்போது தமிழை எடுத்து அடியில் வைத்துப் பாருங்கள்.

வைல் – ஏனென்றால். இஹ் – நான். ஆர்பைட்டன் – வேலை செய்ய. முஸ் – வேண்டும்.

ஏனென்றால் நான் வேலை செய்ய வேண்டும். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. அக்காவிடம் இதைக் காட்டியபோது தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் தானாகவே இன்னும் நான்கு வரி எழுதினார். நான்கும் சரி.

"டாஸ்" தொடரும் இப்படித்தான். "தம்பி நாளை பினாங்குக்குப் போகிறான் என்று" சொல்ல வேண்டுமா? டாஸ் மைன் ப்ரூடர் மோர்கன் நாஹ் பினாங் ஃபேர்ட். என் தம்பி, நாளை, பினாங்குக்கு, போகிறான். நம் "என்று" கடைசியில் நிற்கும், அவர்கள் "டாஸ்" முன்னால் நிற்கும், வித்தியாசம் அவ்வளவுதான். ஒப்வோல் (என்றாலும்), வென் (என்றால், போது), ஆல்ஸ் (நடந்தபோது), டமிட் (அதற்காக) எல்லாவற்றுக்கும் இதே கதை. இறந்தகாலத்தில் இன்னும் அழகு: ஒப்வோல் எஸ் கெரேக்னெட் ஹாட், மழை பெய்திருந்தாலும். "பெய்து" முதலில், "இருக்கிறது" பிறகு. துணைவினை பின்னால் வருவது நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்.

எனவே சரிசெய்யும் வழி இது. வைல், டாஸ், ஒப்வோல், வென் எழுதியதும் பேனாவை ஒரு நொடி நிறுத்துங்கள். மீதித் தொடரை மனசுக்குள் தமிழில் சொல்லுங்கள். அதே வரிசையில் ஜெர்மன் சொல்லை வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, டென் (ஏனென்றால்), உன்ட் (மற்றும்), ஆபர் (ஆனால்), ஓடர் (அல்லது), ஸொன்டெர்ன் (மாறாக) ஆகிய ஐந்துக்கும் இது பொருந்தாது. அவற்றுக்குப் பின் சாதாரண வரிசைதான். "டென்" பொருளில் வைலைப் போலவே இருப்பதால் நிறையப் பேர் அங்கேயும் வினையைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு, முதன்மைத் தொடரில் வினை இரண்டாம் இடத்தில் ஆணி அடித்ததுபோல் நிற்கும். "நேற்று" என்று தொடங்கினால் அடுத்தது வினை, பிறகுதான் "நான்": கெஸ்டெர்ன் பின் இஹ். டெஸ்ஹால்ப் (ஆகையால்) எழுதினாலும் அப்படியே: டெஸ்ஹால்ப் கான் இஹ். "டெஸ்ஹால்ப் இஹ் கான்" எங்கள் மேசையில் அதிகம் திருத்தப்பட்ட மூன்று சொற்களாக இருக்கும். இந்த இடத்தில் தமிழ் உதவாது, பழக்கம் மட்டுமே உதவும். எழுதி முடித்த தாளில் ஒவ்வொரு முதன்மைத் தொடரின் வினையையும் வட்டமிட்டுப் பாருங்கள். இரண்டாம் இடத்தில் இல்லாத வட்டம் கண்ணில் குத்தும்.

அறிகுறி: மீர், மிஹ் குழப்பம், டேன், டேம் குழப்பம்

மீர் என்றால் எனக்கு, மிஹ் என்றால் என்னை. மீர், டேம் வரும் வேற்றுமைக்கு டாட்டிவ் என்று பெயர், மிஹ், டேன் வருவதற்கு அக்குஸாட்டிவ். பொறியியல் தம்பி டாட்டிவ் வினைகளை அட்டையில் எழுதி எல்.ஆர்.டி. ரயிலில் வரும்போது மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். முப்பது அட்டை. நான் பத்து அட்டையைப் பிரித்து எடுத்து, "இவற்றை மனப்பாடம் செய்யாதே, உனக்கு ஏற்கெனவே தெரியும்" என்றேன்.

ஹெல்ஃபன்: நண்பனுக்கு உதவுகிறேன். டாங்கன்: உங்களுக்கு நன்றி. ஆன்ட்வோர்ட்டன்: அவருக்குப் பதில் சொல்கிறேன். கெஃபாலன்: எனக்குப் பிடிக்கிறது. கெஹோரன்: இது எனக்குச் சொந்தம். கிராட்டுலீரன்: உனக்கு வாழ்த்து. எல்லாவற்றிலும் "கு". நம் நான்காம் வேற்றுமை எங்கே நிற்கிறதோ அங்கே டாட்டிவ் நிற்கிறது. ஆங்கிலத்தில் "ஐ ஹெல்ப் ஹிம்", "ஐ லைக் இட்" என்று வருவதால்தான் இவை நமக்குக் கடினமாகத் தெரிந்தன. "எனக்குக் குளிர்கிறது" – மீர் இஸ்ட் கால்ட். இதை "இஹ் பின் கால்ட்" என்று சொன்னால், நீங்கள் மனம் இறுகிய ஆள் என்பதுபோல் கேட்கும். "எனக்குத் தலை வலிக்கிறது" – மீர் டூட் டேர் கொப்ஃப் வே. இதைச் சொல்லத் தாதி அக்காவுக்குப் பாடமே தேவைப்படவில்லை.

அதே சமயம் தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு. அவற்றைத்தான் அட்டையில் எழுத வேண்டும். "உனக்கு போன் செய்கிறேன்" என்போம்; ஜெர்மனில் அது அக்குஸாட்டிவ்: இஹ் ரூஃபெ டிஹ் ஆன். "உன்னிடம் கேட்கிறேன்" என்போம்; இஹ் ஃப்ராகெ டிஹ், அதுவும் அக்குஸாட்டிவ். "உன்னை நம்புகிறேன்" என்போம். இங்கே தலைகீழ், இஹ் கிளௌபெ டீர், டாட்டிவ். "அவர் சொல்வதைக் கேட்கிறேன்" – ட்ஸூஹோரன், டாட்டிவ். முப்பது அட்டையில் இப்படி முரண்படுகிறவை ஏழெட்டுதான் இருந்தன.

எல்லாவற்றையும்விட நம்மை ஏமாற்றுவது இடம். "பூங்காவுக்குப் போகிறேன்" என்பதில் "கு" இருப்பதால் கை டாட்டிவுக்குப் போகும். தவறு. இன், ஆன், ஆவுஃப் போன்ற முன்னிடைச்சொற்களுக்குப் பின், எங்கே போகிறோம் என்றால் அக்குஸாட்டிவ்: இன் டேன் பார்க். எங்கே இருக்கிறோம் என்றால் டாட்டிவ்: இம் பார்க். தமிழில் இருக்கும் இடத்தைக் காட்டும் "இல்" வந்தால் டாட்டிவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவில், வீட்டில், மேசையில். ஆனால் "நாஹ்", "ட்ஸூ" இரண்டும் எப்போதும் டாட்டிவ்தான். போகிற இடமானாலும் மாறாது.

அறிகுறி: நன்றாக எழுதியும் எழுத்துப் பகுதியில் புள்ளி இல்லை

என் 54 இங்கேதான் வந்தது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எழுத்தில் மூன்று வேலை. முதலாவது நண்பருக்கு மின்னஞ்சல், சுமார் 80 சொல், 40 புள்ளி. இரண்டாவது ஒரு தலைப்பில் உங்கள் கருத்து, சுமார் 80 சொல், 40 புள்ளி. மூன்றாவது ஆசிரியர், அதிகாரி போன்றவருக்கு மரியாதையான சிறு மின்னஞ்சல், சுமார் 40 சொல், 20 புள்ளி. பரிந்துரைக்கும் நேரம் 20, 25, 15 நிமிடம்.

நான் என்ன செய்தேன்? முதல் மின்னஞ்சலில் நூற்று நாற்பது சொல் எழுதினேன். பினாங்குக்குப் போன விடுமுறை, படகுத்துறை, அசாம் லக்சா, எல்லாம் வந்தது. முப்பத்தைந்து நிமிடம் போய்விட்டது. மூன்றாவதுக்கு வந்தபோது நான்கு நிமிடம் மிச்சம். இரண்டு வரி எழுதினேன். கேட்ட அளவில் பாதிகூட இல்லாத பதிலுக்கு, பணியை நிறைவேற்றினீர்களா என்ற முதல் அளவுகோலிலேயே சுழி. அந்த அளவுகோலில் சுழி விழுந்தால் அந்த வேலை முழுவதுக்கும் சுழி. அந்த இரண்டு வரியில் இலக்கணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இருபது புள்ளி அங்கே போனது. முதல் வேலையில் கூடுதலாக எழுதிய அறுபது சொல்லுக்கு ஒரு புள்ளியும் வரவில்லை.

ஆகவே முதல் சோதனை: மூன்று வேலையும் அளவை எட்டியிருக்கின்றனவா? வீட்டில் பயிற்சி செய்யும்போது உங்கள் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் வருகிறது என்று எண்ணி வையுங்கள். எனக்கு எட்டு. பத்து வரி என்றால் எண்பது. தேர்வறையில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டாவது சோதனை: கேள்வியில் எழுதச் சொல்லியிருக்கும் குறிப்புகள். முதல் வேலையில் மூன்று கேட்பார்கள்: என்ன நடந்தது விவரியுங்கள், உங்களுக்கு எது பிடித்தது, ஏன் என்று சொல்லுங்கள், சந்திக்க ஓர் ஏற்பாடு முன்மொழியுங்கள், இந்த மாதிரி. "ஏன்" என்பதை விழுங்கிவிடுகிறவர்கள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று தொடர் எழுதி, கேள்வித்தாளில் அதன் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள்.

மூன்றாவது, நீ, நீங்கள். ஆங்கிலத்தில் எல்லாம் "யூ" என்பதால் டூ, ஸீ வேறுபாட்டை ஏதோ புதுச் சட்டம் மாதிரி வகுப்பில் விளக்குவார்கள். நமக்கு அது வீட்டுச் சங்கதி. ஆனால் நம் கணக்கு வயதையும் உறவையும் பார்க்கும். அக்காவுக்கு "நீங்கள்" என்போம், மாமாவுக்கு "நீங்கள்" என்போம். ஜெர்மனில் வீட்டார் எல்லோருக்கும் டூ, பாட்டிக்கும் டூ. நண்பருக்கு எழுதும்போது மரியாதைக்கு என்று நடுவில் "ஈனன்" (உங்களுக்கு) போட்டுவிட்டால், நண்பரிடம் திடீரென்று அதிகாரி பேசுவதுபோல் ஆகிவிடும். முதல் வேலையில் டூ, டீர், டிஹ், டைன். மூன்றாவதில் ஸீ, ஈனன், ஈர். கலக்கக் கூடாது.

தொடக்கமும் முடிவும் இலவசப் புள்ளி. நண்பிக்கு லீபெ, நண்பனுக்கு லீபர், முடிவில் ஃபீலெ க்ரூஸெ. மரியாதைக் கடிதத்தில் ஸேர் கெஏர்ட்டெ ஃப்ராவ், அல்லது ஸேர் கெஏர்ட்டர் ஹெர், பின்னால் குடும்பப் பெயர். முடிவில் மிட் ஃப்ராய்ன்ட்லிஹன் க்ரூஸன். விளித்த பிறகு காற்புள்ளி. அடுத்த வரி சிறிய எழுத்தில் தொடங்கும், அது பெயர்ச்சொல்லாகவோ மரியாதைச் சொல்லாகவோ இருந்தால் தவிர. முடிவு வாழ்த்துக்குப் பின் காற்புள்ளி கிடையாது. பென்சிலில் எழுதவும் கூடாது.

இரண்டாவது வேலையில் வேறு நோய்: ஐம்பது சொல்லோடு நின்றுவிடும். கருத்து ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. "ஆம், நானும் ஒத்துக்கொள்கிறேன்." அப்புறம்? இதற்கு நாங்கள் வைத்திருக்கும் வழி, சொந்தக் கதை ஒன்றைக் கூப்பிடுவது. கருத்து, காரணம், நம் வீட்டில் நடந்த ஒன்று, எதிர்த்தரப்பு என்ன சொல்வார்கள், ஆனாலும் நான் ஏன் மாறவில்லை. தொடங்குவதற்கு ஒரு நல்ல தொடர் இருக்கிறது: மைனர் மைனுங் நாஹ். மைனர் என்றால் என், மைனுங் என்றால் கருத்து, நாஹ் என்றால் படி. "என் கருத்துப்படி." நம் "படி" மாதிரியே பின்னால் நிற்கிறது. அதற்கு அடுத்தது வினை என்பதை மட்டும் மறக்காதீர்கள்: மைனர் மைனுங் நாஹ் இஸ்ட் டாஸ்.

அறிகுறி: காதில் விழுந்ததையே எழுதினேன், ஆனால் தவறு

கேட்டல் பகுதியில் இந்தப் புகார்தான் அதிகம். ரயில் அறிவிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் நடைமேடை காதில் விழுகிறது, விடைகளில் ஏழு இருக்கிறது, குறித்துவிடுகிறோம். ஆனால் அறிவிப்பு சொன்னது, வழக்கமாக ஏழு, இன்று மட்டும் ஒன்பது. விடைத்தாளில் இருக்கிற சொல்லே ஒலிப்பதிவில் வந்தால் சந்தேகப்படுங்கள். சரியான விடை பெரும்பாலும் வேறு சொல்லில் ஒளிந்திருக்கும்.

சில சொற்கள் மணி அடிக்கும். ஐகென்ட்லிஹ் கேட்டால், முன்பு ஒன்று நினைத்திருந்தார்கள், இப்போது மாறிவிட்டது என்று பொருள். லைடர் கேட்டால் கெட்ட செய்தி. ஸொன்டெர்ன் கேட்டால் முன்னால் சொன்னதை அழித்து, பின்னால் வருவதை எடுக்க வேண்டும். அவுஸ்னாம்ஸ்வைஸெ என்றால் இந்த ஒரு தடவை மட்டும்.

மணி நேரம் இன்னொரு குழி. ஹால்ப் ஆஹ்ட் என்று கேட்டதும் நம் மூளை "எட்டரை" என்று எழுதும். அது ஏழரை. எட்டை நோக்கிப் பாதி வழி வந்திருக்கிறோம் என்பது அவர்கள் கணக்கு. பினாங்கு அண்ணன் இதற்கு நல்ல பழக்கம் ஒன்று வைத்திருக்கிறார்: கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நேரத்தை ஜெர்மனில் முணுமுணுத்துக்கொள்வார்.

எண்ணும் அப்படியே. 54 என்பதை ஃபியருன்ட்ஃபுன்ஃப்ட்ஸிஹ், "நான்கும் ஐம்பதும்" என்பார்கள். முதலில் நான்கு கேட்பதால் 45 என்று எழுதிவிடுகிறோம். கேட்டதும் நான்கை வலப்பக்கம் எழுதி, இடப்பக்கம் ஓர் இடம் விடுங்கள். ஐம்பது வந்ததும் அங்கே ஐந்தைப் போடுங்கள். ஒரு வாரம் வாகனத் தகடுகளைப் படித்துப் பழகினாலே போதும், கே.எல். நெரிசலில் தகடுகளுக்குப் பஞ்சமில்லை.

இரண்டாம், மூன்றாம் பிரிவுகளை ஒரே முறைதான் போடுவார்கள். முதலும் நான்காவதும் இரண்டு முறை. இது தெரியாமல் "அடுத்த முறை கவனிப்போம்" என்று விட்டவர்களைக் கண்டிருக்கிறேன். ஒன்று தவறிப்போனால் ஊகித்துக் குறித்துவிட்டு அடுத்ததற்கு ஓடுங்கள். தவறான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை. முப்பது கேள்வியில் பதினெட்டு சரியானால் 60. பதினேழு என்றால் தேறவில்லை. ஊகித்த ஒன்று எவ்வளவு பெரிய வேலை செய்யக்கூடும் என்று இதிலிருந்து தெரியும்.

அறிகுறி: வாசிப்பில் நேரம் போதவில்லை

ஐந்து பிரிவுக்கும் சேர்த்து 65 நிமிடம், விடைத்தாளில் எழுதி முடிக்கும் நேரமும் அதற்குள்தான். கேட்டலில் விடையை மாற்றி எழுத முடிவில் ஐந்து நிமிடம் தருவார்கள். வாசிப்பில் தனியாகத் தரமாட்டார்கள். தாளிலேயே நேரம் அச்சிட்டிருக்கும்: 10, 20, 10, 15, 10. ஒவ்வொரு பிரிவு முடிந்ததும் விடைத்தாளுக்கு மாற்றிவிடுங்கள்.

நேரத்தைத் தின்பது மூன்றாம் பிரிவு: ஏழு பேருடைய தேவை, பத்து விளம்பரம், ஒருவருக்கு மட்டும் எதுவும் பொருந்தாது, அங்கே 0 போட வேண்டும். அந்த ஒருவருக்காகப் பத்து விளம்பரத்தையும் மூன்று முறை படிக்கிறோம். மற்ற ஆறையும் முடித்துவிட்டு வாருங்கள், தானாகத் தெரியும். எடுத்துக்காட்டில் பயன்படுத்திய விளம்பரத்தை முதலிலேயே அடித்துவிடுங்கள்.

நான்காம் பிரிவில் கேள்வியே பொறி. "பள்ளியில் கைப்பேசியைத் தடை செய்ய ஆதரவா?" என்று கேட்டிருக்கும். ஒருவர் எழுதுவார்: பிள்ளைகள் அதை நோண்டிக்கொண்டே இருப்பது எனக்குப் பிடிக்காது, ஆனால் மகள் பேருந்தைத் தவறவிட்ட அன்று அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? பாதியில் நிறுத்தினால் "ஆம்". முடிவு வரை படித்தால் "இல்லை". கடைசி இரண்டு வரியை முதலில் படியுங்கள்.

அறிகுறி: பேச்சில் "கூட்டெ இடே" சொல்லிவிட்டு அமைதி

இருவர் சேர்ந்து ஒன்றைத் திட்டமிட வேண்டும். துணைத் தேர்வர் ஒரு யோசனை சொல்கிறார், நாம் "நல்ல யோசனை" என்கிறோம், முடிந்தது. நம் வளர்ப்பு அப்படி. எதிரில் இருப்பவரை மறுத்துப் பேச மனம் வராது. தேர்வில் மறுப்பது மரியாதைக் குறைவு ஆகாது. சனிக்கிழமை என்றால் "அன்று எனக்கு வேலை, ஞாயிறு எப்படி?" என்று கேளுங்கள்: ஆம் ஸாம்ஸ்டாக் முஸ் இஹ் லைடர் ஆர்பைட்டன். வீ வேர்ஸ் மிட் ஸொன்டாக்? ஒவ்வொரு "யா"வுக்குப் பின்னும் ஒரு காரணம் அல்லது ஒரு கேள்வி. இந்தப் பிரிவுக்கு 28 புள்ளி.

இரண்டாம் பிரிவு நீங்கள் தலைப்பை அறிமுகப்படுத்திப் பேசுவது, 40 புள்ளி. ஐந்து படிகளில் மூன்றாவது "உங்கள் நாட்டில் எப்படி?" என்பது. இங்கே நம் ஆட்கள் பாடநூலில் வந்த ஜெர்மன் நிலைமையையே ஒப்பிக்கிறார்கள். ஏன்? சொந்த ஊர் இருக்கிறதே. விழா, விருந்து, அண்டை வீட்டார் என்று தலைப்பு வந்தால் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு இருக்கிறது. ஆனால் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், தேர்வாளருக்கு அது புரியாது. ஆன் டீஸெம் டாக் கொம்மன் ஃப்ராய்ன்டெ, நாஹ்பார்ன் உன்ட் கொலேகன் ட்ஸூ உன்ஸ் நாஹ் ஹவுஸெ உன்ட் எஸ்ஸன் மிட் உன்ஸ் – அன்று நண்பர்களும் அண்டை வீட்டாரும் உடன் வேலை செய்பவர்களும் எங்கள் வீட்டுக்கு வந்து எங்களோடு சாப்பிடுவார்கள். ஸ்டுட்கார்ட் தங்கை இந்த ஒரே தொடரைச் சொல்லிப் பழகியபோது குரலே மாறியது. தெரிந்ததைச் சொல்கிறவரின் குரல் வந்தது.

தயாரிக்க 15 நிமிடம் தருவார்கள். குறிப்பு எழுதலாம், முழுத் தொடராக எழுதாதீர்கள். எழுதினால் படிப்பீர்கள், படித்தால் பேச்சாகாது. மூன்றாம் பிரிவில் துணைத் தேர்வரின் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி ஒரு கேள்வி கேட்க வேண்டும், 16 புள்ளி. அவர் பேசும்போது உங்கள் அடுத்த முறையை மனசுக்குள் ஒத்திகை பார்த்தால் கேட்க ஒன்றும் இருக்காது.

உச்சரிப்புக்கும் 16 புள்ளி. "இசட்" எழுத்தின் ஒலி அங்கே "ட்ஸ்". ட்ஸைட், ட்ஸூக். இரண்டு புள்ளி வைத்த "யு"வுக்கு "ஈ" என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் குவியுங்கள், நாக்கை அசைக்காதீர்கள். "ஏ" சொல்லிக் குவித்தால் புள்ளி வைத்த "ஓ" வரும். இது வராவிட்டால் சமையலறையும் கேக்கும் கிட்டத்தட்ட ஒரே சொல்லாகிவிடும், "அழகான" என்பதும் "ஏற்கெனவே" என்பதும் ஒன்றாகிவிடும்.

அறிகுறி: சொல் தெரியும், பொருள் தவறு

ஆங்கில முகம் கொண்ட ஜெர்மன் சொற்கள். பெகொம்மன் என்றால் கிடைப்பது, ஆவது இல்லை. வில் என்றால் விருப்பம், எதிர்காலம் இல்லை. ஆல்ஸோ என்றால் "ஆகவே". ஷெஃப் சமைக்கமாட்டார், அவர் மேலாளர். கும்னாஸியும் பள்ளிக்கூடம், உடற்பயிற்சிக்கூடம் இல்லை. வேர் என்றால் யார், வோ என்றால் எங்கே. கோத்தே நிறுவனம் பி1க்கு வெளியிட்டிருக்கும் சொற்பட்டியலில் சுமார் 2400 சொல் உண்டு; அதில் இந்த மாதிரிப் பொய்முகங்களை மட்டும் மஞ்சள் மையில் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வகுப்பில் வருகிறது, தேர்வறையில் வரவில்லை

கடிகாரம் வைத்து எத்தனை முழுத் தாள் செய்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் "ஒன்றுகூட இல்லை". கோத்தே நிறுவன இணையதளத்தில் ஒலிப்பதிவோடு மாதிரித் தாள் இலவசமாகக் கிடைக்கிறது. அகராதி மூடி, கைப்பேசியை வேறு அறையில் வைத்து, ஒரே மூச்சில் செய்யுங்கள். தேர்வு நாளில் கோலாலம்பூரின் ஜாலான் துன் ரசாக் சாலையின் காலை நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். பதிந்த பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பதியும் அன்றே பாருங்கள். தந்தை பெயர் சேரும் நம் பெயர்களில் இது அடிக்கடி பிசகும்.

அறிகுறி: ஒரே ஒரு பகுதி மட்டும் போய்விட்டது

அந்தப் பகுதிக்கு மட்டும் பதியுங்கள். நான் எழுத்துக்கு மட்டும் பதிந்தேன். இடையில் இருந்த மூன்று மாதமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் ஒதுக்கி, மூன்றாவது கடிதத்தை மட்டும் எழுதினேன். வகுப்புக்கு வர முடியவில்லை, சந்திப்பைத் தள்ளிவைக்க வேண்டும், அழைப்புக்கு நன்றி, மருத்துவரிடம் போகிறேன், ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். பத்தாம் நாளிலிருந்து தொடக்கமும் முடிவும் கை தானாக எழுதியது. நடுவில் உள்ள நான்கு வரிக்கு மட்டும் யோசித்தேன்.

இரண்டாம் முறை தேர்வறையில் தாளைத் திறந்ததும் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். முதலில் மூன்றாவது கடிதம். பன்னிரண்டு நிமிடம் ஆனது. பிறகு நண்பருக்குப் பத்து வரி, பினாங்கைப் பற்றி ஒரே ஒரு வரி. பிறகு கருத்து. கடைசியில் ஏழு நிமிடம் மிச்சம் இருந்தது; அதில் வைல் தொடர்களை மட்டும் தேடிப் படித்தேன். ஒன்றில் வினை நடுவில் நின்றது. அடித்துவிட்டுக் கடைசியில் எழுதினேன்.